எண்பத்தாறு டிகிரி

சொரெல், ஜூன் 14

பெருமதிப்பிற்குரிய மச்சான் ரோசேர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மிரேயின் கணவன் ஃப்ளோரியன் பணிவுடன் எழுதிக்கொள்வது. ரிமூஸ்கியில் நீங்களும் ஜினெட் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் அக்கா பக்கத்தில் நின்று கேட்பார், அரை மணி நேரத்தில் அது ட்ரம்மன்ட்விலுக்குப் போய் மிரேயின் காதில் விழும். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வெந்நீரில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ஏப்ரலில் மிரேய் ட்ரம்மன்ட்விலில் இருக்கிற தோழி லுசீல் வீட்டுக்குப் போனாள் அல்லவா, அந்த அடுக்குமாடியில் உள்ளேயே நீச்சல்குளம் இருக்கிறது, வருஷம் முழுக்கச் சூடு. நம் வீட்டுக் கொல்லையில் வருஷா வருஷம் நான் ஜூனில் நிறுத்தி செப்டம்பரில் பிரிக்கிற நீச்சல் தொட்டியில் வெயில் தருவதுதான் சூடு, அது அறுபத்தெட்டைத் தாண்டாது. "தண்ணி எண்பத்தாறு இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்கு வழி பண்ணுங்க, வந்துடறேன்" என்றாள். ஜூன் 24, சான்-ஜான் திருநாளுக்குள் பண்ணிவிடுகிறேன் என்று நானும் வாயை விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரே சிரிப்பு, பாட்டு போட்டுத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்கிறார்களாம். பேச்சுவாக்கில் "எங்க குளம்" என்றாள். எந்தக் குளம் என்று கேட்டேன். "இதுதாங்க, இங்க இருக்கறது" என்றாள். மச்சான், அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அவள் அங்கேயே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது, உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

மறுநாளே கடைக்குப் போனேன். பழைய பம்ப் பலகாலமாக இருமிக்கொண்டிருந்ததால் முதலில் பம்ப். கடையில் மெலொடி என்று ஒரு பெண். "பதினெட்டடி வட்டம், நாலடி உயரம்தானே ஐயா? முக்கால் குதிரைசக்தி தாராளம்" என்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவனுக்கு முக்கால் குதிரையா? "பெரிசா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்றேன். "தண்ணி கெட்டுப்போகும் ஐயா" என்றாள். சின்னப் பெண், என்ன தெரியும் என்று ஒன்றரைக் குதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சுவிட்சைப் போட்டதும் வடிகட்டியில் இருந்த மணலெல்லாம் குளத்துக்குள் வந்துவிட்டது. தண்ணீர் துணி துவைக்கிற மெஷின் மாதிரி சுழல, என்னவென்று பார்க்க இறங்கிய என்னை ஏணியைப் பிடிப்பதற்குள் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டது. பக்கத்து வீட்டு ஜசான்த் அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன ஃப்ளோரியன், இன்னொரு ரவுண்டு உண்டா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் போட்ட முழங்காலோடு மிரேய் இதில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மணலை அள்ளிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் முக்கால் குதிரையை மாற்றி வாங்கி வந்தேன்.

அடுத்தது ஹீட்டர். "எண்பத்தாறு வேணும்மா, சான்-ஜானுக்குள்ள" என்றேன். மெலொடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குளத்துக்கு மூடி இருக்கா ஐயா?" "மூடிட்டா எப்படிம்மா இறங்கறது?" என்று கேட்டுவிட்டேன், மச்சான். ராத்திரி மூடாவிட்டால் பகலில் ஏறிய சூடெல்லாம் ஆவியாய்ப் போய்விடுமாம். அறுபத்தொன்பது வயதில் இதைத் தெரிந்துகொண்டேன். கேஸ் ஹீட்டர் என்றால் பயம், வெயிலில் விரிக்கிற கருப்புக் குழாய் என்றால் இந்த ஊரில் வெயிலை நம்ப முடியுமா? கடைசியில் காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணீரில் விடுகிற ஒரு பெட்டியை வாங்கினேன். காற்றே எட்டு டிகிரிக்கு இறங்கினால் அது வேலை செய்யாதாம். வெயில் அடிக்கும்போது மட்டும் சூடாக்க நீ எதற்கு என்று அதனிடமே கேட்டேன்.

சரி, வைத்தாயிற்று. திரையில் இருபத்திரண்டு என்று காட்டியது. ஐஸே முப்பத்திரண்டில் கட்டுமே! மேல்நோக்கிய பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன், நாற்பதோடு நின்றுவிட்டது. எண்பத்தாறில் பாதிகூட வராத ஹீட்டரை என் தலையில் கட்டிவிட்டார்களே என்று புலம்பிக்கொண்டு நாற்பதிலேயே நாலு நாள் ஓடவிட்டேன். அது சூட்டை இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு குளிர்காற்றை அந்தப் பக்கம், அதாவது ஜசான்த் அம்மாளின் தக்காளிச் செடிகள் மேல், ஊதிக்கொண்டே இருந்தது. "ஜூன் மாசத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுக் காப்பி குடிக்கிறேன், தக்காளிக்குக் கம்பளி போத்தியிருக்கேன், நீ நல்லா இருப்பியாய்யா?" என்று கத்தினாள். பொறுக்க முடியாமல் கடைக்குப் போன் போட்டேன். "உங்க மெஷின்ல இருபத்திரண்டு காட்டுது, ஆனா தண்ணி ஆடிக்கிட்டிருக்கு, ஐஸ் கட்டல, என்ன ஏமாத்து வேலை இது!" என்றேன். எத்தனையில் வைத்திருக்கிறேன் என்று மெலொடி கேட்டாள், சொன்னேன். பிறகு, "ஐயா, அது செல்சியஸ். முப்பதுல வச்சீங்கன்னா எண்பத்தாறு வந்துடும்" என்றாள். நீங்களே சொல்லுங்கள், இந்தத் தெருவில் யாராவது குளத்துத் தண்ணீரை செல்சியஸில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வெயிலுக்கு செல்சியஸ், குளத்துக்கு ஃபாரன்ஹீட் என்றுதானே நாம் வளர்ந்தோம்?

இப்போது முப்பதில் வைத்து, பெட்டியையும் திருப்பி வைத்துவிட்டேன். ஆனால் காப்பி போட்டால் பியூஸ் போகிறது, காப்பி போடாவிட்டால் எனக்கு உயிர் போகிறது. இரண்டும் ஒரே லைனாம். டப்பா பீன்ஸைச் சூடு பண்ணாமலே தின்றுகொண்டிருக்கிறேன். தண்ணீர் எழுபத்தைந்திலேயே நிற்கிறது, பத்தே நாள்தான் இருக்கிறது. நாற்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த நீங்கள் உடனே கிளம்பி வந்து தனி லைன் ஒன்று இழுத்துத் தர வேண்டும். அதுவரை மிரேய் கேட்டால், "நானே கைவிட்டுப் பார்த்தேன், எண்பத்தாறு" என்று ஒரே ஒரு பொய் சொல்லிவிடுங்கள். அவள் உங்களைத்தான் நம்புவாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு எதுவும் ஓடவில்லை, மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். உங்கள் முதுகுவலி தீர வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன், முக்கியமாக இந்த வாரத்துக்குள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள
ஃப்ளோரியன் ஜென்ட்ரோன்

பி.கு.: அண்ணா, இது மிரேய் எழுதறேன். இன்னைக்கு மத்தியானம் பஸ் பிடிச்சு வந்துட்டேன். கடிதம் சாப்பாட்டு மேஜை மேல ஒட்டாம கிடந்தது, படிச்சிட்டேன். டாக்டர் எண்பத்தாறுன்னு சொல்லவே இல்லண்ணா, வெதுவெதுன்னு இருந்தா போதும்னுதான் சொன்னார். எண்பத்தாறுன்னா இந்த மனுஷனால முடியாது, ரெண்டு நாள் முக்கிப் பாத்துட்டு, பையைத் தூக்கிக்கிட்டு என்கூட இருக்க லுசீல் வீட்டுக்கே வந்துடுவார்னு கணக்குப் போட்டேன். ரெண்டு மாசமா வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். வருவாரா? பம்ப் வாங்கப் போயிட்டார்! நீங்க வாங்க, ஆனா லைன் இழுக்க இல்ல, திருநாளுக்கு. இதை எழுதறதுக்கு முன்னால அரை மணி நேரம் தண்ணியில நடந்தேன், பல்லு கிட்டிச்சு. ஷெட்டுக்குப் பின்னாலேருந்து எட்டிப் பார்த்து, "எவ்வளவு காட்டுது, மிரேய்?"னு கேட்டார். தெர்மாமீட்டரை எடுத்துத் துண்டுக்குள்ள சுருட்டிக்கிட்டு, "சரியா எண்பத்தாறு"ன்னேன். மனுஷன் அப்படியே புல்லுல உக்காந்துட்டார்.