கயிற்றுக்கு வந்த டென்ஷன்

தன் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் தொங்கக் கூடாது என்று புருஷோத்தமன் தீர்மானித்துவிட்டார். நெல்லித்தோப்பில் அவர் வீடு தீப்பெட்டி அளவு. கூடத்து மின்விசிறிக்கு நேர் கீழே பாய் விரித்து ஞாயிறு மத்தியானம் தூங்குவதுதான் வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே சுகம். ஊஞ்சல் வந்தால் பாய்க்கு இடமில்லை.

அவர் மனைவி அமுதவல்லிக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. ஊஞ்சலில் காலைத் தொங்கப்போட்டு லேசாக ஆடினால் வலி தெரிவதில்லை என்று விழுப்புரத்தில் தங்கை கலைவாணி வீட்டில் கண்டுபிடித்து வந்திருந்தாள். வந்த கையோடு பலகை வாங்கினாள். பெரிய மார்க்கெட்டில் இரண்டு கயிறும் வாங்கினாள். கயிறு ஒவ்வொன்றும் நூறு கிலோ தாங்கும் என்று கடைக்காரர் மொய்னுதீன் பாய் உறுதி சொல்லியிருந்தார்.

கால் வலிக்காரியிடம் போய், பாய் போட இடம் போகிறது என்று சொல்ல முடியுமா? புருஷோத்தமன் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். அந்த இயற்பியலையே துணைக்கு அழைத்தார். தாளும் பேனாவுமாக மனைவி எதிரில் உட்கார்ந்தார். கணக்குக்கு எடை வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கேட்கத் துணியாத கேள்வியை இப்போதும் அவர் கேட்கவில்லை. தன் எடையையே எழுதினார்: எண்பத்து நான்கு.

சும்மா உட்கார்ந்தால் கயிற்றுக்குப் பாதிப் பாதி. ஆனால் கயிறு தரைக்கு இணையாகப் படுக்கும் அளவுக்கு உயர்ந்து ஆடினால், கீழே வரும்போது எடை மூன்று மடங்காகிவிடும் என்று விளக்கினார். முழங்கால் வலிக்காரி அவ்வளவு உயரம் எதற்கு ஆடப்போகிறாள் என்பதை மட்டும் விளக்கவில்லை.

"ஒரு கயித்துக்கு நூத்தி இருபத்தாறு கிலோ. அவ்ளோ டென்ஷன் தாங்காது, அமுதா."

"கயித்துக்குமா?" என்றாள் அமுதவல்லி.

பிறகு உள்ளே போய் எடை மெஷினை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, ஏறி நின்றாள். முள் அறுபதில் நின்றது.

"இதுக்குப் போடுங்க."

போட்டார். தொண்ணூறு வந்தது. தாங்குமா என்று கேட்டாள். தாங்கும் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. மறுநாளே ஊஞ்சல் ஏறிவிட்டது.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு ஜஹபர் நிஷாவைப் பார்க்க அமுதவல்லி போயிருந்தாள். பாய் போட இடம் தேடித் தோற்ற புருஷோத்தமன் ஊஞ்சலில் உட்கார்ந்தார். காலை லேசாக உந்தினார். தலைக்கு மேல் காற்று, உடம்புக்குத் தாலாட்டு. இதையா வேண்டாமென்றோம் என்று அவருக்கே வருத்தமாகிவிட்டது. கண் செருகும் நேரத்தில் வாசலில் அமுதவல்லி நின்றாள்.

"ஐயோ, எறங்குங்க. உங்களுக்கு நூத்தி இருபத்தாறு."

"மெதுவாத்தான் ஆடறேன். நாப்பத்திரெண்டுக்கு மேல கொஞ்சந்தான் வரும்."

"அப்ப அன்னிக்கு எனக்கு ஏன் மூணு மடங்குன்னீங்க?"

புருஷோத்தமன் யோசித்தார். உண்மையைச் சொன்னால் ஊஞ்சல் கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவர் போடும் எந்தக் கணக்கையும் யாரும் நம்பப்போவதில்லை. மெல்ல இறங்கி நின்றார்.

"தாங்காதுதான்," என்றார்.

அமுதவல்லி அவரைப் பரிவோடு பார்த்தாள். "அறுபத்தாறு கிலோவுக்கு எறங்கினீங்கன்னா தொண்ணூத்தொம்போதுதான் வருது. நான் போட்டுப் பாத்துட்டேன்."

அன்று சாயங்காலம் அவர் தட்டில் இரண்டே இட்லி விழுந்தது.