ஏழு குதிரைத் தகடு

கோவில்பட்டியில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. ஊருக்கு வெளியே மேம்பாலத்தடியில் அசுவ சித்தர் வந்து இறங்கியிருக்கிறார். அவர் நோய் தீர்ப்பவர் அல்ல, பேய் ஓட்டுபவரும் அல்ல. பழைய கார்களுக்கு அருள் வரவழைப்பவர்! சூரிய பகவானின் தேரை இழுக்கும் ஏழு குதிரைகளையும் ஒரு செப்புத் தகட்டில் அடக்கித் தருவாராம். அதை எஞ்சின் மேல் வைத்தால் கிழட்டுக் காரும் சிட்டாகப் பறக்குமாம். எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், சாமான் வாங்க வேண்டாம். இதைவிட மலிவாகக் குதிரைசக்தி எங்கே கிடைக்கும்? குதிரைகளை எல்லாம் இங்கே அனுப்பிவிட்டுச் சூரியன் மேற்கே நடந்தா போகிறார் என்று கேட்கத்தான் ஆளில்லை.

பேச்சிராஜாவும் கடம்பூரிலிருந்து தன் அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் கார் அது. போன முகூர்த்தத்தில் ஒரு மாப்பிள்ளைத் தோழன், "ஏலே, இறங்கி நடந்தா முன்னால போயிரலாம்" என்று சொன்னதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து இருக்கையில் மனைவி செல்வமாரி. தம்பதியாக வர வேண்டும் என்பது சித்தர் உத்தரவு. மனைவி கழுத்தில் சங்கிலி இருக்க வேண்டும் என்பதும் உத்தரவுதான்.

முதலில் சீடன் தங்கசாமி வந்து பானெட்டைத் திறந்து, அதற்குள் தலையை விட்டு, எஞ்சினுக்கு விபூதி பூசினான். பிறகு, "இப்ப பாலத்துல ஏத்திக் காட்டுங்க அண்ணாச்சி" என்றான். கார் கரும்புகை கக்கியது, இருமியது, பாதிப் பாலத்தில் படுத்துவிட்டது. கூட்டம் 'உச்' கொட்டியது. தள்ளிக்கொண்டு வந்தபோது பேச்சிராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, காலையில கடம்பூர்ல இருந்து நல்லாத்தான வந்துச்சு?" என்றாள் செல்வமாரி.

"சும்மா இருட்டி, சாமி காதுல விழுந்துரப்போகுது."

பூசை தொடங்கியது. பட்டுத் துணியில் சுற்றிய தகட்டைக் கையில் வாங்கிக்கொண்டு செல்வமாரி காரைச் சுற்றி வந்தாள். தங்கசாமி மறுபடியும் பானெட்டுக்குள் தலையை விட்டுச் சாம்பிராணி காட்டினான். சித்தர் குதிரை போலவே கனைத்தார். அவள் கொடுத்த பொட்டலம் எஞ்சின் மேல் அமர்ந்தது.

கார் பாலத்தில் ஜம்மென்று ஏறியது! கூட்டம் கைகூப்பியது. திரும்பி வந்த பேச்சிராஜா சித்தர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"செம்பில் கொஞ்ச நாள்தான் நிற்கும் மகனே" என்றார் சித்தர். "தங்கத் தகடு அடித்தால்தான் குதிரைகள் நிரந்தரமாகத் தங்கும்."

"செல்வமாரி, சங்கிலியக் கழட்டு."

"கழட்டுதேன். முதல்ல அந்தப் பொட்டலத்தப் பிரிங்க."

பிரித்தான். உள்ளே கடலைமிட்டாய் டப்பாவின் மூடி இருந்தது.

"தகடு இங்கன இருக்கு" என்று அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "காரச் சுத்தி வரும்போது மாத்திட்டேன். சாமி, உங்க குதிரை எதுக்குள்ள இருந்துச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தர் அசரவில்லை. "உன் பக்தி தாயே! தகரத்தையும் தகடாக்கிவிட்டது!"

அதற்கும் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பேச்சிராஜா மட்டும் சிரிக்கவில்லை. தகடு இல்லாமல் ஏறிய கார் முதலில் ஏன் படுத்தது? பானெட்டுக்குள் தலையை விட்டவன் யார்? தங்கசாமியின் ஜோல்னாப் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். பெட்ரோல் வாடையோடு ஒரு கந்தல் உருண்டை வந்து விழுந்தது.

"ஏர் ஃபில்டர் வாயில இதத் திணிச்சிருக்கான்! மூச்ச அடைச்சிட்டு, பொறவு பூசை பண்ணி எடுத்துவிடுதான். எங் குதிரையத் திருடி எனக்கே விக்கிதீரா வேய்?"

"நாத்திகம் பேசாதே!"

"பேசல, செஞ்சு காட்டுதேன்."

கந்தலை எல்லோரும் பார்க்க ஃபில்டர் வாயில் திணித்தான். அசல் செப்புத் தகட்டை எஞ்சின் மேல் வைத்தான். சித்தரைப் பிடித்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான். "ஏழு குதிரையும் உள்ள இருக்கு. ஏத்தும் பாப்போம்."

கார் இருமியது. பாதிப் பாலத்தில் புகை மண்டலம். அதிலிருந்து இறங்கிய சித்தர் அந்தப் பக்கச் சரிவில் ஓடிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏழு குதிரைகளும் அவர் காலில்தான் இருந்தன போலும். தங்கசாமியைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. போலீஸ் வந்து கூட்டிப் போனது.

மறுநாள் பேச்சிராஜா புழுதி அப்பிய ஃபில்டரைச் சுத்தம் செய்து, தேய்ந்த பிளக்குகளை மாற்றி, டயருக்குக் காற்றடித்து, டிக்கியில் வருஷக்கணக்காகச் சுமந்த பழைய இரும்பை இறக்கினான். ஏழு குதிரை வரவில்லை. இருந்த குதிரைகள் ஒழுங்காக இழுத்தன.

வேலை முடிந்ததும், திருஷ்டி பட்டிருக்கும் என்று முன் பம்பரில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டப் போனான். செல்வமாரி அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இத நான் சாறு பிழிஞ்சு தாரேன், குடிங்க. காருக்குக் காத்தும் பெட்ரோலும் போதும். நமக்குத்தான் கொஞ்சம் யோசனை வேணும். அதுக்கு இன்னும் யாரும் வரி போடல!"