கிணற்றடிக் கள்ளிக்கு மைத்துனர் வைத்த மூன்று பெயர்கள்

வட்டக்கச்சி,
18.06.2024.

மதிப்புக்கும் மரியாதைக்கும் இன்னும் ஓரளவு உரிய மைத்துனர் அப்புத்துரை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கை இலட்சுமியும் மகள் சிவரூபியும் நாற்பத்து மூன்று சாடிக் கள்ளிகளும் சுகம். வவுனியாவில் நீங்களும் சுகமாயிருக்கக் கடவுளை வேண்டும்படி இலட்சுமி சொன்னா, வேண்டியிருக்கிறேன். போனில் சொல்லக்கூடியதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். போனில் நான் கோபப்பட்டால் நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கடிதத்தை வாசித்து நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

எல்லாம் அந்தக் கிணற்றடிக் கள்ளியால் வந்தது. அதன் கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் தெரிந்த மனிதர் செய்கிற வேலையை நீங்கள் செய்யவில்லை. 2008 ஆவணியில் இலட்சுமியின் ஒப்பரேசனுக்கென்று வவுனியாவுக்கு வந்தோம், பாதை மூடப்பட்டது, உங்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தோம். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் 'மதிப்புக்குரிய' என்று தொடங்குகிறது. திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, குசினிச் சுவரில் பாதி இல்லை. கிணற்றுக் கட்டோடு ஒரு பழைய பானையில் முழ உயரத்துக்கு ஒரு பச்சைத் தடி நின்றது. அந்த வளவுக்குள் நிமிர்ந்து நின்றது அது ஒன்றுதான். நாங்கள் வைத்ததல்ல. அயலில் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எடுத்து நிலத்தில் நட்டேன். இப்போது பன்னிரண்டு அடி, ஆறு விளிம்பு, போன மாதம் வரை பதினொரு கிளை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கள்ளிப் பைத்தியமே பிடித்தது. இளைப்பாறிய நாளிலிருந்து வீட்டிலுள்ள தயிர்ச் சட்டி, பெயின்ற் வாளி, ஐஸ்கிறீம் பெட்டி எல்லாவற்றிலும் கள்ளி வைத்திருக்கிறேன் என்பது இலட்சுமியின் முறைப்பாடு. நாற்பத்து மூன்றில் முப்பத்தெட்டுக்குப் பெயர் தெரியும். முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத்தில் வாய்க்காலுக்கும் மதகுக்கும் இலக்கம் போட்டவன் நான். பெயர் தெரியாத ஒன்று வளவில் நின்று என்னைக் குனிந்து பார்ப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. அதை உங்களிடம் சொன்னதுதான் நான் செய்த பிழை.

தைப்பொங்கலுக்கு வந்தீர்கள். புக்கையை வாயில் வைக்க முதல் போனை எடுத்துச் செடிக்கு நேரே பிடித்தீர்கள். செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லுமாம். "மச்சான், இது சதுரக்கள்ளி. பால் கண்ணில தெறிச்சால் கண் போயிடும், கவனம்" என்றீர்கள். சதுரத்துக்கு நாலு மூலை, இதற்கு ஆறு என்று விரலால் தொட்டு எண்ணிக் காட்டினேன். "வளர வளரக் கூடும்" என்றீர்கள். முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவர் சதுரத்துக்கு மூலை முளைக்கும் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் எப்படிச் சோதனை பாஸ் பண்ணினார்களோ, அது வேறு கதை. நீங்கள் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். உங்கள் தங்கை அன்று தொடக்கம், கண்ணில் கற்றரக்ட் வெட்டியபோது தந்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் அள்ளினா. நாலாம் நாள் கண்ணாடிக்குள்ளால் கிணற்றுக் கட்டுத் தெரியாமல் வாளியையும் கயிற்றையும் சேர்த்து உள்ளே விட்டா. அறுபத்தேழு வயதில் நான் கிணற்றுக்குள் இறங்கினேன். ஏறி வந்த ஆத்திரத்தில் கத்தியெடுத்து ஒரு கிளையைக் கீறிப் பார்த்தேன். பால் இல்லை, வழுவழுவென்று தண்ணீர்தான். எங்கள் ஊர்க் கள்ளியென்றால் பால் வரும். பால் இல்லாமல், முள் புறப்படுகிற இடத்தில் பஞ்சுப் பொட்டு இருந்தால் அது கடல் கடந்து வந்த சாதி. இது சும்மா சாடி வைத்திருக்கிற எனக்கே தெரியும்.

அத்தோடு விட்டிருந்தால் நான் பேனை எடுத்திருக்க மாட்டேன். சித்திரை கழிய அடுத்த பெயரோடு போனில் வந்தீர்கள். வாதமடக்கியாம். முழங்கால் வாதத்துக்குக் கைகண்ட மருந்தாம். வாதமடக்கிக்கு இலை இருக்கும் என்பதும் உமக்குத் தெரியாமல் போய்விட்டது. சரி, அந்த அறிவை உம்மோடு வைத்திருக்கலாம். படத்தோடும் என் போன் இலக்கத்தோடும் நாம் இருவரும் இருக்கிற 'வன்னி மூலிகை வட்டம்' என்ற வட்ஸ்அப் குழுவிலே போட்டுவிட்டீர். நானூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள குழு. அதில் நானூறு பேருக்காவது முழங்கால் நோவு. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நெடுங்கேணியிலிருந்து ஒரு உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றது. ஒன்பது பேர், பதினெட்டு முழங்கால். தங்கராசா என்று ஒரு இளைப்பாறிய பஸ் சாரதி, கத்தியும் பையும் தானே கொண்டுவந்திருந்தார். நான் வேண்டாமென்று சொல்லச் சொல்ல ஒரு கிளையை வெட்டி, முள்ளை எடுக்காமலே முழங்காலில் தேய்த்தார். பிறகு அவரால் காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. பின்னேரம் வரை என் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். இரண்டு நேரச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். "இப்ப எப்பிடி அண்ணை?" என்று இலட்சுமி கேட்டா. "நோவு தெரியேல்லைப் பிள்ளை, எரிவுதான் தெரியுது. மருந்து வேலை செய்யுது போல" என்றார். அதைக் கேட்டு மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு துண்டு கேட்டார்கள். ஆறு நாள் இதே கூத்து. பதினொரு கிளை ஆறாகியது.

உமக்குப் போன் எடுத்துக் கத்தினேன். மன்னிப்புக் கேட்பீர் என்று பார்த்தால், "அப்ப வாதமடக்கி இல்லையோ? நில்லுங்கோ மச்சான்... ஓ, இது போதைக் கள்ளி! தென்னமெரிக்காவில பூசாரிமார் இதைக் காய்ச்சிக் குடிச்சுக் கடவுளைக் காணுறவையாம்!" என்று மூன்றாம் பெயரைத் தூக்கிப் போட்டீர். அந்தச் செய்தி எப்படித்தான் ஊருக்குள் பரவியதோ, அடுத்த நாளே கோயில் ஐயர் என்னைப் பாதையில் மறித்து, "உண்மையோ?" என்று கேட்டார். அவர் முகத்தில் பக்தியைவிடத் தொழிற்கவலைதான் கூட இருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு பொலிசார் வந்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு சைக்கிளுக்கு லைற் இல்லையென்று கூடப் பொலிசுக்குப் பதில் சொன்னவனல்ல நான். "ஐயா, கடவுள் தெரியிற மரம் எங்கை?" என்று அரைத் தமிழில் மரியாதையாகக் கேட்டார் ஒருவர். காட்டினேன். அவரும் போனை எடுத்துப் பிடித்தார். அவருடைய போன் அது டிராகன் பழம் என்றது. "எப்ப காய்க்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நல்ல மனிதர், தன் வீட்டு வேலியில் நட ஒரு கிளை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மிச்சம் ஐந்து.

இனித்தான் நான் உம்மை மன்னிக்க முடியாத இடம் வருகிறது. சிரிப்பதானால் இந்த இடத்தில் நிறுத்தும்.

பொலிசார் போன மறுநாள், வெள்ளிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். கேற்றடியில் ஒரு மனுசி. அறுபது வயதிருக்கும், கையில் ஒரு பழைய துணிப்பை. பையைக் கண்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அங்கையே நில்லுங்கோ! முழங்காலெண்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, கடவுளெண்டால் கோயிலுக்குப் போங்கோ. இங்கை ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை!" என்று நான் கத்தியது மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவ தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினா. பத்தடி போனவ நின்று, திரும்பி வந்தா.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேங்க. அது ஒரு ஓட்டைப் பானையில இருந்திச்சே. அந்தப் பானை இருக்குங்களா?"

பானையைப் பற்றி உங்களையும் அயலையும் தவிர வெளியார் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அதில் ஓட்டை இருந்தது உங்களுக்கும் தெரியாது. கேற்றைத் திறந்தேன்.

அவவுடைய பெயர் தங்கம்மா. மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவ, எழுபத்தேழு கலவரத்தோடு தாய் தகப்பனுடன் வன்னிக்கு வந்தவ. இப்போது நெடுங்கேணிப் பக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் படத்தைக் காட்டியிருக்கிறது. அவ செடியைப் பார்த்து அடையாளம் கண்டது பிறகுதான். முதலில் கண்டது கிணற்றுக் கட்டை. "வெடிச்சிருந்த எடத்துல எங்க வீட்டுக்காரரு சிமெந்து பூசினாருங்க. கையாலதான் பூசினாரு, கரண்டி இல்ல" என்றா. பதினாலு வருடமாக நாங்கள் அந்தப் பூச்சின்மேல்தான் வாளி வைக்கிறோம், மச்சான். யார் பூசியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. போய்ப் பார்த்தால் அதில் நாலு விரல் இழுத்த கோடு தெரிகிறது. 2008 கார்த்திகையில் அக்கராயன் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஆளில்லாத எங்கள் வீட்டில் இரண்டு மாதம் இருந்திருக்கிறார்கள். "ஒங்க வீட்டுச் சாமான் எதையும் தொடலீங்க. தேங்கா மட்டும் நாலு எடுத்தோம்" என்று பதினைந்து வருடம் கழித்து என்னிடம் கணக்குச் சொன்னா. துப்பாக்கிச் சன்னம் பட்டுப் பானை ஓட்டையாகியதால் சமைக்க முடியாமல் கள்ளித் துண்டை அதில் நட்டாவாம்.

அந்தத் துண்டு அவவுடைய தாய் துரை பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தபோது ஒடித்தது. எங்கே போனாலும் ஒரு துண்டை ஒடித்துத் துணியில் சுற்றிக்கொண்டு போவார்களாம். தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்காகக் கிடந்தாலும் சாகாது. "கடைசித் தடவ மட்டும் ஒடிக்க நேரம் இல்லாம போச்சுங்க." புருசன் எங்கே என்று இலட்சுமி கேட்டா. "அவரு புதுக்குடியிருப்புக்கு அங்கிட்டு வரலீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்தா. இலட்சுமி குசினிக்குள் போனவ கன நேரம் வரவில்லை.

பிறகு நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், இதற்கு என்ன பெயர் என்று. "பேருங்களா? எங்கம்மா 'கேக்காதவன்'னுதான் கூப்புடும். தண்ணி கேக்க மாட்டான், எரு கேக்க மாட்டான், எங்க வெச்சாலும் இருப்பான்." உம்முடைய போனுக்கு இந்தப் பெயர் தெரியுமா?

பானை கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். அவ விரல் நீளத் துண்டு ஒன்று போதும் என்றா. எனக்குப் பொறுக்கவில்லை. இருந்ததில் நல்ல கிளையாக மூன்றடிக்கு வெட்டி, சாக்கில் சுற்றி, அவவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளிநொச்சி பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். பாதை நெடுக ஒவ்வொரு குழியிலும் கேக்காதவன் சாக்கையும் தாண்டி என் முதுகில் குத்தினான். இதை எழுதும்போதும் கதிரையில் சாய முடியாமல் நிமிர்ந்துதான் இருக்கிறேன். சிவரூபி சாமணத்தால் பதினேழு முள் எடுத்திருக்கிறாள்.

மச்சான், எனக்குக் கோபம் முள்ளுக்கல்ல, வாளிக்கல்ல, பொலிசுக்குமல்ல. என் வீட்டுக் கிணற்றுக் கட்டைப் பூசித் தந்த மனுசனின் பெண்சாதியை என் கேற்றடியில் வைத்து நாயைத் துரத்துவதுபோலத் துரத்தினேன். ஆறு நாள் முழங்கால்காரரை என் தலையில் ஏற்றிவிட்டு என்னை அப்படி ஆக்கியது நீர். "அண்ணை அனுப்பாட்டி அந்த மனுசி வந்திருக்குமோ?" என்று உங்கள் தங்கை கேட்கிறா. அது வேறு விசயம். அந்த விசயத்தை வைத்து நீர் தப்ப முடியாது. ஆகவே அந்தப் போன் வித்தையை இன்றே அழியும். குழுவிலே மன்னிப்புக் கேட்டு எழுதும், என் இலக்கத்தையும் எடும். ஆடிப் பிறப்புக்கு வழமைபோல் கொழுக்கட்டைக்கு வரத் தேவையில்லை. இலட்சுமி அவித்தால் பஸ்சில் அனுப்புவா. மறுமொழி எழுதவும் தேவையில்லை.

மைத்துனிக்கு எங்கள் அன்பு. உங்கள் பிள்ளைகள் நோய்நொடியின்றி நீடு வாழ வேண்டும். உமக்கும் அதே.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
க. கதிர்காமநாதன்
(இளைப்பாறிய வேலை மேற்பார்வையாளர்)

பி.கு.: கடிதத்தை உறையிலிட்டு, முத்திரையும் ஒட்டிய பிறகு, குழுவில் நீர் போட்ட அந்தச் செய்தியைச் சாட்சிக்கு எழுதி வைக்கலாமென்று சிவரூபியிடம் போனைக் கொடுத்தேன். அவள் கன நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, மாமா இதை உங்களுக்கு மட்டும்தானே அனுப்பியிருக்கிறார். குழுவில போட்டது நீங்கள், அதுதான் உங்கட இலக்கத்தோட நிக்குது" என்றாள். நான் 'நன்றி' என்று போட அமத்தியது வேறு எதையோ போய் அமத்தியிருக்கிறது. உங்கள் செய்தியின் கடைசி வரியில், 'இன்னும் நிச்சயமில்லை, ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம்' என்றும் இருக்கிறதாம்; என் கண்ணுக்கு அந்த எழுத்துச் சிறிது. பிறகு, "மாமா போதைக் கதை சொல்லேக்கை போனை எங்கை வைச்சுக் கதைச்சனீங்கள்?" என்றும் கேட்டாள். சலூனில், காது மந்தமென்று ஸ்பீக்கரில் போட்டு, ஆறு பேர் தலைமயிர் வெட்டக் காத்திருக்கும்போது. முத்திரையை வீணாக்க மனமில்லாதபடியால் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். ஆடிப் பிறப்புக்கு முதல் நாளே வந்துவிடுங்கள். மேலே 'நீர்' என்று வருகிற இடங்களிலெல்லாம் தயவுசெய்து 'நான்' என்று வாசித்துக்கொள்ளவும்.