லொகேஷன் சார் டெஸ்டர் வாங்கிய விதம்

ஹைதராபாதில் அப்போது தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் "சரியில்லை" என்று யார் சொன்னாலும், சொன்னவரைப் பிடித்து உட்காரவைத்து, எந்த இடத்தில் சரியில்லை என்று கண்டுபிடிக்கும்வரை எழுந்திருக்க விடாத மனிதர் அந்த ஊரிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் தலையெழுத்து.

அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'லொகேஷன்'. பாளையங்கோட்டைக்காரர். ஒல்லி, கட்டம் போட்ட சட்டை, பையில் எப்போதும் ஒரு டார்ச் லைட். யார் எந்தக் குறையோடு வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "அதெல்லாம் சரி வே, லொகேஷன் சொல்லும்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரோடு ஆந்திரா மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனேன். சாம்பார் ஒரு மாதிரி இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஒரு மாதிரின்னா? புளியிலயா, பருப்புலயா, உப்புலயா?"

"தெரியல சார். விடுங்க, நக்கோ." நான் இதே ஊரில், மௌலா அலி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். வேண்டாம் என்பதற்கு என் வாயில் நக்கோதான் வரும்.

"அதெப்படி விடமுடியும்? சாம்பார்காரன் மேல பழி போட்டுட்டீரே!" என்று எழுந்தவர் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார். பருப்பைத் தனியாக ருசி பார்த்தார். புளிக்கரைசலைத் தனியாக ருசி பார்த்தார். சமையல்காரர் கரண்டியோடு துரத்திக்கொண்டு வர, இவர் வெற்றிச் சிரிப்போடு வெளியே வந்தார். "சாம்பார்ல ஒண்ணுமில்ல வே. உம்ம தட்டுல சோப்பு போகல." அதற்குப் பிறகு அந்த மெஸ்ஸில் எங்கள் இருவருக்கும் அப்பளம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு தடவை என் ஸ்கூட்டரில் எங்கிருந்தோ டக் டக்கென்று சத்தம். மெக்கானிக்கிடம் விடலாம் என்று கிளம்பியவனைத் தடுத்து, பின் சீட்டில் பின்பக்கம் பார்த்தபடி ஏறி உட்கார்ந்து, குனிந்து காதைச் சக்கரத்தின் பக்கம் கொடுத்துக்கொண்டு, "மெதுவா ஓட்டும்" என்றார். டாங்க் பண்ட் ஏரிக்கரை ரோடு முழுக்க அப்படியே போனோம். பலூன் விற்றுக்கொண்டிருந்தவர் வியாபாரத்தை மறந்து எங்களையே பார்த்தார். கடைசியில் அந்தச் சத்தம் ஸ்கூட்டர் பெட்டிக்குள் என் டிபன் பாக்ஸில் கிடந்த ஸ்பூன் என்று தெரிந்தது.

ஊரிலிருந்து அவர் மனைவி ஒருநாள் போனில் மனசு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். இவர் வழக்கம்போல லொகேஷன் கேட்டிருக்கிறார். பட்டென்று போன் கட். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்கன்னு தெரிஞ்சிட்டு வே. எங்கிட்டதான்." அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

இப்படிப்பட்டவரிடம் போய்த்தான் எங்கள் மேனேஜர் ராவ் ஒரு நாள் மாட்டிக்கொண்டார்.

மாதாப்பூரில் பாறைக்கு வெடி வைத்து வெடி வைத்துக் கட்டிடம் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கம்பெனிக்கு ரோட்டின் இந்தப் பக்கம் ஒரு கட்டிடம், அந்தப் பக்கம் ஒரு கட்டிடம். இரண்டையும் இணைத்தது ஒரு ஃபைபர் கேபிள். முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம் ஓடும், வெளிச்சத்தோடு எங்கள் பிழைப்பும் ஓடும். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. தசரா முடிந்த கையோடு அந்த இணைப்பு திடீர் திடீரென்று அறுந்துபோக ஆரம்பித்தது. ஒரு நாள் சரியாக கிளையண்ட் லைனில் இருக்கும்போது அறுந்தது. அந்த நேரத்தில் சர்வர் அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் யாதம்மா.

போதாதா? யாதம்மாவின் மாப் கேபிளை இழுத்துவிட்டது என்று ராவ் முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். யாதம்மா போரபண்டாவிலிருந்து பஸ் பிடித்து வருபவர். அழவெல்லாம் இல்லை. மாப்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நேனு முட்டலே சாரூ!" என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தினார். நான் தொடவே இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்த வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

லொகேஷன் எழுந்து வந்தார்.

"தொட்டதை யாரு சார் பாத்தா?"

ராவ் மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். தமிழில் பேசுவதில் அவருக்கு ஏகப்பெருமை. "இதுக்கு இன்னா சாட்சி வேணும்? அந்தம்மா தொடைக்கிறாங்கோ, லைன் போவுது. சிம்பிள்!"

"லைன் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க போச்சு? அதைச் சொல்லுங்க. கேபிள் அந்தக் கட்டிடம் வரைக்கும் போவுது. நடுவுல ரோட்டுல குழி தோண்டுதான். மாடியில எலி ஓடுது. இத்தனைய விட்டுட்டு மாப்பை மட்டும் பிடிச்சா எப்படி?"

"உங்க கிட்ட அதைக் கண்டுபிடிக்க மெஷின் இருக்கா?"

இல்லை. செம்புக் கம்பி கேபிளுக்குப் பச்சை லைட் எரியும் ஒரு சின்ன டப்பா இருந்தது. ஃபைபருக்கு ஒன்றுமே இல்லை. இரண்டையும் சோதிக்க ஒரே டெஸ்டராக வாங்க அனுமதி வந்து, அந்த ஃபைல் பர்ச்சேஸ் பிரிவில் இருந்த என் மேஜையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப மெஷினை வாங்குவோம். அது சொல்லுத வரைக்கும் இந்தம்மா வேலையில இருக்கட்டும்" என்றார் லொகேஷன். ராவ் யோசித்தார். வேறு ஆள் கிடைக்கும்வரை தரையை யார் துடைப்பது என்பதும் ஒரு கேள்விதான். "சனிக்கிழமை வரைக்கும் டைம். கிளையண்டுக்கு ரிப்போர்ட் போவணும். அதுக்குள்ள மெஷின் சொல்லலைன்னா, நான் சொன்னது சொன்னதுதான்."

மூன்று கம்பெனிகளைச் சனிக்கிழமை காலை டெமோவுக்கு வரச் சொன்னேன். லொகேஷன் அதற்குள் வினாத்தாள் தயாரித்துவிட்டார். நல்ல நல்ல கேபிள்களை எடுத்து ஊனமாக்கினார். ஒன்றில் உள்ளே ஒரே ஒரு கம்பியை மட்டும் அறுத்து மேலே தெரியாமல் மூடினார். ஒன்றில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினார். ஒரு ஃபைபர் கேபிளை நாற்காலிக் காலுக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தபடியே இரண்டு நாள் வேலை பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, "இவங்கெல்லாம் பேஷண்டுங்க. யாருக்கு எங்க வலின்னு எனக்குத் தெரியும். வாற மெஷினு சொல்லட்டும் பாப்போம்" என்றார்.

முதலில் வந்த டெஸ்டர் கைக்கு அடக்கமாக, அழகாக இருந்தது. பேஷண்டை மாட்டியதும் சிவப்பு லைட் எரிந்தது.

"ஃபெயில் சார்" என்றார் கொண்டு வந்தவர்.

"எங்க?"

"ஃபெயில் சார்."

"அது தெரியும் தம்பி. நான்தான் அதை ஃபெயிலாக்கினேன். எங்க ஃபெயிலு?"

"ஃபெயில்னா ஃபெயில்தானே சார்?" என்றார் அவர் பரிதாபமாக. லொகேஷன் ராவைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா சார், உங்க மாதிரியே ஒரு மெஷின்." ராவுக்கு அது புரிய வெகுநேரம் ஆயிற்று. புரியவைக்க நாங்களும் அவசரப்படவில்லை.

இரண்டாவது ரகம் செம்புக் கம்பியில் கெட்டி. இத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று புட்டுப்புட்டு வைத்தது. ஆனால் ஃபைபர் என்று வந்தால் வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் காட்டியது. "குறையுதுன்னு சொல்லுது, எங்க குறையுதுன்னு சொல்ல மாட்டேங்குதே" என்று லொகேஷன் உதட்டைப் பிதுக்கினார். இந்த டெஸ்டரோடு ஒரு சுவர்க்கடிகாரம் இலவசம். ராவ் அந்தக் கடிகாரத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "இது போதும் சார், வாங்கிப் போடுங்கோ!"

"கடிகாரம் எங்க ரிப்பேர்னு இது சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு லொகேஷன் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மூன்றாவது டெஸ்டரைத் தூக்கவே தெம்பு வேண்டும். டை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை அதை மூச்சுவாங்கச் சுமந்துகொண்டு வந்தது. செம்புக் கம்பி, ஃபைபர் இரண்டையும் பார்க்கும். ஃபைபருக்குள் வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து எத்தனையாவது மீட்டரில் கோளாறு என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். கோடு எங்கே சட்டென்று கீழே இறங்குகிறதோ அங்கே கோளாறு. கேபிள் முனையை உற்றுப் பார்க்கப் பேனா மாதிரி ஒரு குட்டி கேமராவும் உண்டு. மஞ்சப்பைப் பேஷண்டுகள் ஒவ்வொருவராகப் போனார்கள். நாற்காலிக் காலில் நசுங்கினவனைக்கூட அது இம்மி பிசகாமல் பிடித்தது. லொகேஷன் முகத்தில் மாப்பிள்ளை பிடித்துப்போன மாமனார் களை வந்துவிட்டது.

"இப்ப நிஜ பேஷண்டைப் பாருங்க தம்பி."

சர்வர் அறைக்குள் எல்லோரும் நுழைந்தோம். யாதம்மா மாப்போடு வாசலில் நின்றார். பேனலிலிருந்து இணைப்பை உருவி, அந்தத் துவாரத்தில் டெஸ்டரை மாட்டினார்கள். திரையில் கோடு எடுத்த எடுப்பிலேயே தலைகுப்புற விழுந்தது. அப்புறம் அடுத்த கட்டிடம் வரைக்கும் சமர்த்தாக நேராகப் போயிற்று. கோளாறு இருக்கும் இடம்: பூஜ்யம் மீட்டர்.

டை கட்டிய பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஸாரி சார், மெஷின்ல ஏதோ பிராப்ளம்…"

ராவ் கைகொட்டிச் சிரித்தார். "ஜீரோ மீட்டரா? மெஷினே ஃபெயில்!"

லொகேஷன் சிரிக்கவில்லை. அறைக்கோடியில் கேபிள் தரையோரமாகப் போகும் இடத்தைக் காட்டினார். "இந்தம்மா துடைச்சது அங்க. அங்க கோடு நேரா போவுது. முதல்ல அதை எல்லாரும் பாத்துக்கிடுங்க." பிறகு திரும்பினார். "ஜீரோன்னா இங்கதான். நாம குத்துத இந்த வாசல்லயேதான். கேமராவ விடுங்க தம்பி."

துவாரத்துக்குள் பேனாக் கேமரா போயிற்று. திரையில் வட்டமாக, பெரிதாக, சிவப்பாக ஏதோ மலை மாதிரி தெரிந்தது. ரத்தமா என்று நான் கேட்டேன். துரு என்றார் ராவ். டை கட்டிய பிள்ளை இப்படி ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்றது. எங்கள் தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்த யாதம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"குங்குமா!"

எல்லோரும் லொகேஷனைத் திரும்பிப் பார்த்தோம். தசராவுக்கு எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜை தடபுடலாக நடந்திருந்தது. சர்வர் அறைக்குள் மட்டும் அர்ச்சகரை விடமாட்டேன் என்று அடம்பிடித்து, வேட்டி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் பேனலுக்கும் சந்தனம் குங்குமம் இட்டவர் லொகேஷன்தான். துவாரத்தில் படாமல் அதற்கு மேலேதான் வைத்திருக்கிறார். ஏசிக் காற்றில் பொட்டு காய்ந்து, மூடி தொலைந்துபோயிருந்த ஒரு துவாரத்தில் உதிர்ந்திருக்கிறது. பூஜை முடிந்த மறுநாள் இந்த இணைப்பை அந்தத் துவாரத்துக்கு மாற்றியவரும் அவரே.

ராவ் நல்ல மனிதர்தான். நெட்வொர்க் ஆள் தேடுவது தரை துடைக்க ஆள் தேடுவது போலச் சுலபமில்லை என்பது அவருக்குத் தெரியும். லொகேஷனின் தோளில் கைபோட்டுத் தணிந்த குரலில் பேசினார். "வுடுங்கோ சார். துடைக்கும்போது தூசு விழுந்ததுன்னு ரிப்போர்ட்ல எழுதிடலாம். அந்தம்மாவுக்கு வேற எங்கனா வேலை கிடைக்கும். உங்க பேரை எழுதினா கிளையண்டு உங்களை வெளியே அனுப்பச் சொல்வான்."

லொகேஷன் அந்தக் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். அவர் முகம் கடுகடுவென்றிருந்தது. பொட்டு வைத்த வலது கை மோதிர விரலை உயர்த்திக் காட்டினார்.

"கோளாறு எந்த இடம்னு ரிப்போர்ட்ல ஒரு கட்டம் இருக்கில்லா சார்? எழுதுங்க. வலது கை மோதிர விரல். ஆளு பேரையும் முழுசா எழுதுங்க."

"வேலை போயிடும் சார்!"

"போவட்டும். இடம் தப்பா எழுதக்கூடாது."

பிறகு யாதம்மாவிடம் போனார். அவருடைய தெலுங்கு பாளையங்கோட்டையைத் தாண்டாத தெலுங்கு. "தப்பு நாதி அம்மா" என்று கும்பிட்டார். தப்பு என்னுடையது என்று அர்த்தம். யாதம்மா பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. "புத்தி ஏட பெட்டினவ் சாரூ?" என்று ஆரம்பித்தார். புத்தியை எங்கே வைத்தாய் என்ற அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி, தன் வீட்டுக் கஷ்டம், பஸ் நெரிசல், ராவின் யோக்கியதை எல்லாவற்றையும் தொட்டு ஒரு முழுப் பாட்டம் திட்டித் தீர்த்தார். லொகேஷன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். இத்தனை குறைகளைக் கேட்டும் ஒன்றுக்குக்கூட அவர் லொகேஷன் விசாரிக்காமல் விட்டது அன்று மட்டும்தான்.

ராவ் முணுமுணுத்துக்கொண்டே உள்ளது உள்ளபடி எழுதினார். மூன்றாவது டெஸ்டருக்குக் கையெழுத்தும் போட்டார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிளையண்டிடமிருந்து பல நாள் கழித்துத்தான் பதில் வந்தது. அந்தச் சிவப்புப் பொடி ஆபத்தான ரசாயனமா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். லொகேஷனின் வேலை தப்பியது.

ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலை அது எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. யாதம்மா வழக்கமான பஸ்ஸில் வந்து சர்வர் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். லொகேஷன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரம் காயட்டும் என்று வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நானும் போய் என் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றேன். எனக்கு அந்த அறையில் ஒரு வேலையும் இல்லை. அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது.