தாய் வௌவால் பறக்கவில்லை

"விடுடி கையை!"

"கிண்ணத்தைக் கீழே வை, விடுறேன்."

"எல்லாரும் பாக்குறாங்கடி!"

"பாக்கட்டும். டிக்கெட் வாங்கித்தானே உள்ளே வந்திருக்காங்க? இதையும் சேர்த்துப் பாக்கட்டும்."

வரிசையின் நடுவே அக்காளும் தங்கையும் ஒரு பீங்கான் கிண்ணத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தின் அடியில் இரண்டு மடக்கு மஞ்சள் திரவம் தளும்பியது. சிந்திவிடுமோ என்று முன்னால் நின்றவர்கள் பதறினார்கள். சிந்தினால் நமக்கு ஒரு சொட்டாவது கிடைக்குமா என்று பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தேன் என்று நினைத்தீர்களா? இல்லை. வௌவால் மூத்திரம்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த ஊரில் சுளித்தவர்களுக்கெல்லாம் 'படித்த திமிர்' என்ற பட்டம் உடனடியாக வழங்கப்பட்டது. மூடிக் கிடந்த நூற்பாலையின் பின்புறம் ஒரு பெரிய அத்திமரம். அதன் கிளையெல்லாம் பழந்தின்னி வௌவால்கள், கறுப்புத் துணியைத் துவைத்துக் காயப்போட்டது போலத் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே பேருந்து நிறுத்தம் வரைக்கும் தம்பதிகள். ஒவ்வொரு கணவன் கையிலும் ஒரு குடை. விரித்து, தலைகீழாகத் திருப்பி, காம்பை வானத்தைப் பார்க்க வைத்துப் பிடித்திருந்தார்கள். மேலேயிருந்து துளி விழ வேண்டும். குடைக்குள் சேர வேண்டும். அதைக் கிண்ணத்தில் வடித்து மனைவி குடிக்க வேண்டும். குடித்தால் குழந்தை.

குடை அங்கேயேதான் வாடகைக்கு எடுக்க வேண்டும். வீட்டுக் குடையைக் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளிக்குடையில் விழுந்த துளிக்கு வீரியம் கிடையாதாம்.

இத்தனையையும் கண்டுபிடித்தவர் தலைகீழ் மகான். மரத்தடியில் ஓர் இரும்புச் சட்டம் போட்டு, இரண்டு கால்களையும் தோல்வாரால் இறுகக் கட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடிதான் அருளுரை சொல்வார். ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கி முகம் செக்கச்செவேலென்று ஆகும். "என்ன ஒரு தேஜஸ்!" என்று கூட்டம் உருகும். தலைகீழாகத் தொங்கினால் தக்காளி வியாபாரிக்கும் அந்தத் தேஜஸ் வரும் என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. குடை பிடிக்க வேண்டியிருந்தது.

இழுபறிக்கு வருவோம்.

அக்காள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஊரார் பார்வைக்குத் தக்க லென்ஸ் மாட்டிக் கொடுப்பதில் கெட்டிக்காரி. கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, மடியில் குழந்தை இல்லை. பெண் மருத்துவரிடம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவளை மாமியார் இங்கே இழுத்து வந்தாள். ஏழு கிண்ணம் கணக்கு. ஆறு உள்ளே போயாகிவிட்டது. இது கடைசி.

தங்கை காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வௌவால் டாக்டர். சில வாரங்களாக, கூட்டம் கலைந்த ராத்திரிகளில், இதே மரத்தின் வௌவால்களைத்தான் வலைபோட்டுப் பிடித்து, பரிசோதித்து, திரும்பப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். அக்காள் அதே மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறாள் என்பது அன்று மதியம்தான் அவளுக்குத் தெரிந்தது. ஓடி வந்துவிட்டாள்.

"அக்கா, உன் கை கொதிக்குது. எத்தனை நாளா காய்ச்சல்?"

"மூணாவது கிண்ணத்துலேருந்து."

"இடுப்பு வலி?"

அக்காள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் நின்றாள்.

"ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது? கட்டங்காப்பி மாதிரியா?"

"சத்தமா கேக்காதடி!"

"ஊரே மூத்திரம் குடிக்க நிக்குது, நான் கேட்டாத்தான் அசிங்கமா? இதோ பாரு, மேல தொங்குதே, அதுல பாதிக்குச் சிறுநீர்ப்பை வீங்கிப் போயிருக்கு. ஒண்ணுக்குப் போகவே முக்குதுங்க. கிருமி அந்தத் துளியிலதான் இறங்குது. அதை ஆறு கிண்ணம் குடிச்சிருக்கே. ஏழாவதையும் குடிச்சா உன் கிட்னியை யாரு மீட்டுத் தருவா? இந்தக் குடைக்காரனா?"

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, காய்ச்சல்னா கர்ப்பப்பை சூடாகுதுன்னு அர்த்தம். மகானே சொல்லிட்டார். உனக்குத்தான் கல்யாணமே வேண்டாம்னுட்டே, வாழுறவளையாவது வாழ விடேன்."

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க."

அத்தான் டயர் கடை முதலாளி. லாரிச் சக்கரத்தை ஒற்றைக் கையால் உருட்டுகிறவர். இப்போது இரண்டு கையாலும் குடைத்துணியைத் தாங்கிக்கொண்டிருந்தார். "ஆறு குடிச்சாச்சு, இன்னும் ஒண்ணுதானே," என்றார், மரத்தைப் பார்த்து.

சத்தம் கேட்டு மகான் கண் திறந்தார். தொங்கியபடியே திரும்பினார்.

"யாரம்மா அது, தாயின் பிரசாதத்தைப் பழிப்பது?"

"நான்தாங்க. உங்க மரத்து வௌவாலுக்கு வைத்தியம் பாக்குறவ. அதுங்களுக்கு நோய். ஒண்ணுக்குப் போகக் கஷ்டப்படுதுங்க."

மகான் சிரித்தார். தலைகீழாகச் சிரித்தால் அழுகிற மாதிரி இருக்கும். கூட்டம் அதையும் கருணை என்று எடுத்துக்கொண்டது.

"முக்குகிறது என்கிறாய். அது நோயல்ல, பைத்தியக்காரி. பிரசவ வேதனை!"

கூட்டம் கைதட்டியது. இப்படிப்பட்ட மூளை நூற்பாலையை நடத்தியிருந்தால் ஆலை மூடியிருக்காது.

"சந்தேகமிருந்தால் குழாயில் பார்!" என்றார் மகான்.

சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயை வெட்டி, கம்பத்தில் அசையாமல் இறுக்கி வைத்திருந்தார்கள். தனி டிக்கெட். ஒரு கண்ணை மூடி அதில் பார்த்தால் உச்சிக் கிளையில் ஒரே ஒரு வௌவால் தெரியும். மார்பில் ஒரு குட்டி. அதுதான் தாய் வௌவால். பார்த்த பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவார்கள்.

டாக்டர் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் போய் வேறேதோ வந்திருந்தது. சிரிப்பை அடக்குகிறவள் முகம் அது.

"மகானே, நான் தோத்துட்டேன்னு வைங்க. ஒரே ஒரு வேண்டுதல். இருட்டப் போகுது. வௌவாலெல்லாம் இரை தேடக் கிளம்பும். அந்தத் தாய் பறக்குறதை ஒரு தடவை பாக்கணும். பறந்துட்டா அக்கா கிண்ணத்தை நானே வாங்கிக் குடிக்கிறேன். உங்க கால்லயும் விழுறேன். அதாவது, உங்க தலையில."

"அவ பறக்கலைன்னா?" என்றாள் அக்காள்.

"நீ கிண்ணத்தை வெச்சுட்டு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றே. இங்கேருந்து நேரா."

"சாக்குச் சொல்லாம மடக்குனு குடி!" என்றாள் மாமியார்.

அக்காள் கிண்ணத்தைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். "இருட்டட்டும்," என்றாள்.

மகானின் செக்கச்செவேல் முகம் லேசாக வெளுத்தது. "தாய் பறக்க மாட்டாள். அவள் தவத்தில் இருக்கிறாள்!"

கூட்டம் மறுபடியும் உருகத் தயாரானது. அப்போது வரிசை ஓரத்தில், இரண்டாவது குழந்தைக்காக வந்திருந்த ஒரு பெண், இடுப்பில் முதல் குழந்தையோடு குறுக்கிட்டாள்.

"பால் குடுக்குறவ எப்படிங்க சாப்பிடாம தவம் இருப்பா? எனக்கெல்லாம் பால் குடுத்த காலத்துல சட்டியைச் சுரண்டித் தின்னாலும் பசி அடங்காது. அது பொட்டை வௌவாலா, பொம்மை வௌவாலா?"

நாலு பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆண்கள் முறைத்தார்கள். ஆனால் எல்லோரும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். இதுவரைக்கும் துளிக்காகப் பார்த்தவர்கள் முதல் தடவையாக வௌவாலைப் பார்த்தார்கள்.

வெளிச்சம் மங்கியது. ஒன்று பறந்தது. பின்னால் பத்து. அப்புறம் மரமே கிளம்பிய மாதிரி, ஆலைப் புகைபோக்கிக்கு மேலே கறுப்பு ஆறு ஓடியது. கூச்சல் அடங்கியபோது கிளைகள் காலியாக இருந்தன.

உச்சியில் மட்டும் ஒன்று. குட்டியோடு.

டாக்டர் பலமாகக் கைதட்டினாள். அது அசையவில்லை. இடுப்புக் குழந்தை 'வீல்' என்று அலறியது. அதற்கும் அசையவில்லை. அப்படி ஒரு தவம்!

"யாராவது அதை இறக்குங்களேன்," என்றாள் டாக்டர்.

பழக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். பழம் பறிக்கும் கொக்கிக் கழி அவர் வண்டியில் இருந்தது. "தொடாதே! தொட்டால் வம்சமே அழியும்!" என்று மகான் அலறினார். பழக்கடைக்காரர் ஒரு கணம் தயங்கினார். "வம்சமே இல்லைன்னுதானே இங்க வந்தேன்," என்றார். ஆலை மதில்மேல் ஏறி, கழியை நீட்டி, கொக்கியை மாட்டி ஓர் இழு இழுத்தார்.

தாய் வௌவால் விழுந்தாள். தரையில் மோதியதும் உள்ளே 'டக்' என்று ஏதோ ஸ்பிரிங் விடுபட்டது. கூட்டம் பின்வாங்கியது.

தாய் வௌவால் விரிந்தாள். கம்பி கம்பியாக, வட்டமாக, அழகாக. காம்பு மட்டும்தான் இல்லை. குட்டி உருண்டு போய் அத்தானின் செருப்பில் முட்டி நின்றது. கறுப்புத் துணிக்குள் பஞ்சு.

"குடை!" என்றாள் இடுப்புக் குழந்தைக்காரி.

மகான் இப்போது ஓட வேண்டிய நேரம். ஆனால் கால் இரண்டும் மேலே கட்டியிருந்தது. எதிரிகளிடம் மாட்டிக்கொண்ட எத்தனையோ மகான்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். சொந்தத் தோல்வாரிலேயே மாட்டிக்கொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"டேய், எவனாவது அவுத்து விடுங்கடா!" தெய்வீகத் தமிழ் போன இடம் தெரியவில்லை. "மழை இல்லாம குடைக்கடை படுத்துருச்சுடா! ஸ்டாக்கை என்ன பண்றது? தலை சுத்துதுடா!"

யாரும் அவிழ்க்கவில்லை. போலீஸ் வரும்வரை அருள்முகம் இன்னும் சிவந்துகொண்டே போனது. வழக்கம்போல் தேஜஸ் என்று சொல்லத்தான் ஆளில்லை.

இத்தோடு கூட்டத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் உங்களுக்குக் கூட்டத்தைத் தெரியாது. இத்தனை நேரம் வௌவாலைக் கும்பிட்டவர்கள் உடனே கல்லைப் பொறுக்கினார்கள். "மரத்தை வெட்டணும்!" என்றது ஒரு குரல். "கொளுத்தணும்!" என்றது இன்னொன்று.

டாக்டருக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. "அதுங்களா உங்க வீட்டுக்கு வந்து உங்க கிண்ணத்துல பெஞ்சுது? நீங்கதானே குடை பிடிச்சு வாங்கினீங்க? அதுங்க நோயாளிங்க. எந்த ஊர்லயாவது நோயாளியை முதல்ல கும்பிட்டு, அப்புறம் கல்லால அடிப்பாங்களா? மரத்தடியில நிக்காதீங்க. அது போதும். குடிச்சவங்க எல்லாரும் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துப் பாருங்க."

கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அக்காள் கிண்ணத்தைச் சாய்த்தாள். ஏழாவது கிண்ணம் மண்ணுக்குள் போனது.

மாமியாரால்தான் தாங்க முடியவில்லை. தோற்பது அவளுக்குப் பழக்கமில்லை. கீழே கிடந்த பஞ்சுக் குட்டியைக் காலால் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

"அப்படின்னா, இந்த மரத்துல நிஜக் குட்டி ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லை. இது அதுங்க குட்டி போடுற காலம். ஒண்ணுகூட இல்லை."

"அதானே பாத்தேன்! மொத்தமும் மலட்டுப் பொட்டைங்க! மலட்டுப் பொட்டைங்க மூத்திரத்தைக் குடிச்சா என்ன ஆகும்? என் மருமக மாதிரிதான் ஆகும்!"

கூட்டம் தலையாட்டியது. அடடா, இது நியாயமாக இருக்கிறதே! கணவன்மார்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தான்கூட ஆட்டினார். மகான் போனாலும் பழியைச் சுமக்க ஒரு பொட்டை கிடைத்துவிட்டதில் அங்கே ஒரு நிம்மதி பரவியது.

அக்காள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சொல்லுடி. எத்தனை பொட்டைக்கு நோய்?"

டாக்டர் மாமியாரைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். வரிசையில் குடையோடு நின்ற அத்தனை கணவன்மார்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஒண்ணுக்குக்கூட இல்லைக்கா. ஸ்கேன் பண்ணிப் பாத்தோம். பொட்டை ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி இருக்கு. பாதி மரத்துக்கு நோய்னு சொன்னேனே, அந்தப் பாதி கடுவன்க, ஆம்பளைங்க. சிறுநீர்ப்பையில ஆரம்பிச்சு விதை வரைக்கும் வீங்கிக் கிடக்கு. கிருமியும் அதுங்ககிட்டதான். பொட்டைங்க பாவம், காத்துக்கிட்டுத் தொங்குதுங்க."

ஆடிய தலைகள் நின்றன.

"மரத்தை அண்ணாந்து பாத்தது போதும்," என்றாள் டாக்டர். "கொஞ்சம் பக்கத்துல நிக்கிறவங்களையும் பாத்து யோசிங்க. யோசிக்கிறதுக்கு வாடகை கிடையாது."

வரிசையில் ஒரு குடை மெதுவாக மடங்கியது. அப்புறம் இன்னொன்று. பழக்கடைக்காரர் மதில்மேலேயே உட்கார்ந்துவிட்டார். தன் சோதனைக்கென்று மூன்று தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை போய், மூன்று தடவையும் 'கடையில லோடு வந்திருச்சு' என்று திரும்பி ஓடியிருந்த அத்தான், குடையைப் பிடித்தபடியே சிலையாக நின்றார்.

அக்காள் அவர் கையிலிருந்து குடையை வாங்கிக் கீழே போட்டாள்.

"ஏங்க, என்கூட வாங்க. ஆஸ்பத்திரியில உங்ககிட்ட ஒரு சின்ன டப்பா குடுப்பாங்க. பயப்படாதீங்க, குடிக்கச் சொல்ல மாட்டாங்க."