ஏகமனதாகச் சாய்ந்த கப்பல்

அலைக்கோடு என்றொரு தீவு நாடு. அங்கே மன்னரைத் தேர்ந்தெடுப்பது துறைமுகத்தில் கட்டிக் கிடந்த 'திசைவென்றான்' என்ற மரப் போர்க்கப்பலின் மேல்தளத்தில்தான். மன்னர் வேண்டும் என்பவர் கடல்பக்கம் நிற்பார். வேண்டாம் என்பவர் கரைப்பக்கம். கப்பல் ஒரு போருக்கும் போனதில்லை. ஆகவே தோற்றதும் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஏறக்குறையப் பாதிப்பேர் இங்கும் பாதிப்பேர் அங்கும் நின்றதால் அது நேராகவே மிதந்தது. இதை நாட்டின் நோய் என்றார் மன்னர் மகிபாலர்.

முதலில், கப்பலின் ஓட்டை அடைக்க வைத்திருந்த தாரை எடுத்துத் தம் சிலைக்குப் பூசவைத்தார். உள்ளே நீர் ஊறியது. வீட்டுக்கொருவர் இறைக்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. அடுத்து, கப்பல் ஆடாதிருக்க அடியில் அடுக்கியிருந்த பாறைகளைக் கிளப்பி வெற்றி வளைவு கட்டினார். எதை வென்றார் என்று கேட்கும் துணிச்சல் எவருக்கும் இல்லை. கடைசி ஆணை: இம்முறை தேர்வு ஏகமனதாக இருக்க வேண்டும்.

தேர்தலன்று கூட்டம் கடல்பக்கம் நெருக்கியடித்தது. கரைப்பக்கத்தில் நின்றவள் பவளக்கொடி ஒருத்திதான். அவள் கணவன் செங்கோடன் அடித்தளத்தில் நீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நாட்டின் ஒற்றுமைக்குத் தாங்கள் ஊறு விளைவிக்கிறீர்கள்," என்றார் தேர்தல் தளபதி.

"ஐயா, எனக்கு மன்னர் மேல கோவமே இல்லீங்க. கப்பல் சாயுது பாருங்க! எம் புருசன் கீழ இருக்காரு. பாதிப்பேராவது இந்தப் பக்கம் வாங்களேன்!"

"சாய்வு அல்ல அது. மக்களின் விருப்பம்."

அந்தப் பக்கத்திலிருந்து அவள் அண்ணனே கத்தினான்: "ஏ கொடி, எங்க மானத்த வாங்காத, இங்கிட்டு வா!"

அவள் வரவில்லை. இரண்டு காவலர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கடல்பக்கம் நிறுத்தினார்கள். தேர்வு ஏகமனதாயிற்று. சாய்ந்த பக்கத்தில் பீரங்கி நீட்டும் துளைகள் வழியே கடல் உள்ளே வந்தது.

நீந்தத் தெரிந்தவர்கள் கரையேறினார்கள். செங்கோடன் ஏறவில்லை. அவனுக்காக அழக்கூடப் பவளக்கொடிக்கு நேரம் தரவில்லை. நேராக விசாரணைக்கு அழைத்துப்போனார்கள். ஒருத்தி கடைசிவரை மறுபக்கம் நின்று சமநிலையைக் குலைத்ததே விபத்துக்குக் காரணம் என்று ஆணையம் கண்டறிந்தது. ஊரும் அதை நம்பியது, அவள் அண்ணன் உட்பட.

புதிய கப்பல் இப்போது தயாராகிறது. அதற்குக் கரைப்பக்கமே வேண்டாம் என்று மக்கள் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.