நெத்திலி அக்காவிடம் சிக்கிய முடி

பினாங்குத் தீவில் பொய் சொல்லிவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் தப்பிக்கலாம். போலீஸிடம்கூடத் தப்பிக்கலாம். நெத்திலி அக்காவிடம் மட்டும் நடக்காது.

கெலுகோரில் நான் வாடகைக்கு இருந்த தெருவில் நாலாவது வீடு அவருடைய சித்தப்பாவுடையது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்து அங்கே தங்கி, டாக்டர் பட்டத்துக்காக மீன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் அக்கா. சுத்த சைவக் குடும்பம். அக்கா மீனை வாயில் வைத்ததே இல்லை. மீன் எதை வாயில் வைத்தது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவர் ஆராய்ந்தது எங்கேயோ தூர தேசத்துக் கடற்கரை. காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சத்தோடு மேலே வருமாம். அதில் பாசி பெருகும். பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியை நெத்திலி தின்னும், நெத்திலியைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படி ஏறும்போதும் உடம்பில் கனமான நைட்ரஜன் கொஞ்சம் கூடும். மீனைக் காயவைத்துப் பொடித்து மெஷினில் போட்டால், அது எத்தனையாவது படி என்று தெரிந்துவிடும். அந்தக் கரையிலிருந்து பார்சலில் வந்த நெத்திலிகளோடு நாலு வருஷம் குடித்தனம் நடத்தியதால் தெரு வைத்த பெயர்தான் நெத்திலி அக்கா.

ஆராய்ச்சி மெஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாசாருக்குப் போனால் மீன்காரரிடம், "அண்ணே, இந்த மீன் கடைசியா என்ன சாப்பிட்டிச்சு?" என்று கேட்பார்.

"அது வீட்டுல என்ன சமையல்னு எனக்கு எப்படிலா தெரியும்?" என்பார் அவர்.

கல்யாண டின்னருக்குப் போனால் சாப்பிடுகிறவர்களுக்குப் படி போடுவார். "அந்த ஆன்ட்டி ரெண்டரை. பக்கத்துல அங்கிள் நாலு, கிட்டத்தட்ட சூரை மீன்." அது காதில் விழுந்ததும் அந்த அங்கிள், கையிலிருந்த மீன் தலையை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவருடைய சித்தப்பா மகள் மாலினியைத்தான் நான் காதலித்தேன். "அப்பா கேட்டா சைவம்னு மட்டும் சொல்லுங்க," என்று சொல்லித்தான் மாலினி என்னைப் பெண் கேட்க வரச் சொன்னாள். என் வாய் சும்மா இருந்ததா? "பொறந்ததுலருந்தே சைவம், அங்கிள்," என்றேன்.

மாலினியின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாப்பாடு எனக்குப் பெரிசில்ல தம்பி. பொய்தான் ஆகாது. பொய் சொல்றவனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்." உள்ளே திரும்பி, "ஏம்மா, உன் மெஷின் மனுஷனுக்கும் சொல்லுமா?" என்றார்.

"கொஞ்சம் முடி போதும், சித்தப்பா." அக்கா கத்தரிக்கோலோடு வந்து, பின்மண்டையில் ஒரு கொத்தைத் தோலோடு ஒட்ட வெட்டினார். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?

இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டார்கள். அக்கா கையில் ஒரு காகிதம்.

"முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், சித்தப்பா. வேர்ப்பக்கம் மூணு சென்டிமீட்டர் சுத்த சைவம்."

அங்கிள் முகம் மலர்ந்தது. "அதுக்கு மேல?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்காவுடையது பொய் வராத வாய்.

"அதுக்கு மேல, நுனி வரைக்கும் மீன்தான். சுறாவுக்கு ஒரு படி கீழ."

மாலினி முகத்தை மூடிக்கொண்டாள். அங்கிள் எழுந்துவிட்டார். "பொய் சொல்லிட்டேன், அங்கிள்," என்றேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது?

"உக்காருங்க சித்தப்பா, நான் இன்னும் முடிக்கல," என்றார் அக்கா. "மூணு மாசத்துக்கு முன்னாடிதான் தம்பி மாலினிய முதல்ல பார்த்தாராம், அவளே சொன்னா. அன்னியிலருந்து ஒரு நெத்திலிகூடத் தொடல. நாலு வருஷமா மீன் பார்க்கிறேன். எந்த மீனும் இன்னொரு மீனுக்காகப் படி இறங்கினதில்ல."

அங்கிள் அந்தக் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பசியாறிட்டுப் போங்க, தம்பி," என்றார்.

அக்கா இப்போது அந்தத் தூரக் கரைக்கே வேலைக்குப் போய்விட்டார். என் பொய்யைப் போட்டு உடைத்தவரும் அவர்தான், எனக்குப் பெண் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் என் தலையை ஒரு பார்வை பார்ப்பார். அவருக்காகவே முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டிருக்கிறேன்.